மாமியார் பெயரில் ஒரு பாக்கெட்

ஜெயசுந்தரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. கல்யாண விருந்தில் எல்லோரும் பிரியாணிக்குள் கறித்துண்டைத் தேடிக்கொண்டிருந்தால், இவள் ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்து, "பழைய அரிசி, ரோஸ்லின். நல்லா குடிச்சிருக்கு" என்பாள். மீல்மேக்கர் குழம்பு வைத்தால் அந்த உருண்டை எவ்வளவு தண்ணீரை இழுத்தது, பிழிந்தால் எவ்வளவைத் திருப்பித் தந்தது என்பதுதான் அவளுக்குப் பேச்சு. ஷாபாத் கல் போட்ட வீட்டுக்குப் போனால், எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், இந்தக் கல் உள்ளே இழுத்துவிடும், கிரானைட் என்றால் கவலை இல்லை என்று வீட்டுக்காரர்களுக்கே பாடம் எடுப்பாள். செங்கல், பஞ்சு, கொண்டைக்கடலை, ஜன்னலில் தொங்கும் மணி பிளாண்ட், எது எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று கேட்டால் பேசிக்கொண்டே இருப்பாள். கேட்காவிட்டாலும் பேசுவாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலை அப்படி. நாச்சாரத்தில் டயப்பர் செய்யும் ஒரு கம்பெனியில் பரிசோதனை அறையில் இருக்கிறாள். குழந்தைகளுக்கானது அல்ல, பெரியவர்களுக்கானது. உப்புத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து டயப்பரின் நடுவில் ஊற்றுவாள். எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது, மேலே காகிதம் வைத்து அழுத்தினால் எவ்வளவு திரும்பக் கசிகிறது என்று பார்ப்பாள். வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் குடித்ததை அழுத்தியதும் கக்கிவிடுமாம். அதனால் பஞ்சுக்கு நடுவே சர்க்கரை போல ஒரு பொடியைத் தூவுகிறார்கள். ஈரம் பட்டதும் அது வெந்த ஜவ்வரிசி மாதிரி ஊதிக்கொள்ளும், மேலே உட்கார்ந்தாலும் விடாது. வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கும் அந்தப் பொடி, உப்பு சேர்ந்துவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு குடிக்கவே திணறும். "மனுஷன் உடம்புல இருந்து வர்றது உப்புத் தண்ணிதானே, அதான் உப்பு போட்டு டெஸ்ட் பண்றோம்" என்று சர்ச் வாசலில் நின்றுகொண்டு சத்தமாக விளக்குவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்தவர் உடம்பு என்றால் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

அப்படிப்பட்டவள்தான் தன் உடம்பு என்று வந்தபோது செத்துப்போன மாமியாரை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தாள்.

நான் அவளுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. சிக்கந்தராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடியவர்கள். ஒரு ஈஸ்டர் ஆராதனையில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். நான் முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. ஆராதனை முடிந்து கோயில் காலியான பிறகும் அப்படியே இருந்தாள். அடுத்த வாரம் பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டாள். கேட்டதற்கு, "நக்கோ ரோஸ்லின், வேணாம். தொண்டை சரியில்ல" என்றாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்குப் பல மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. இதில் நான் சொல்கிற மற்றதில் பெரும்பகுதி பிற்பாடு அவள் வாயாலேயே கேட்டது.

மல்காஜ்கிரியில் வீடு. கணவர் தியோடர் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சபையின் செயலாளர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். போதகரின் மனைவி தன் கேக் எப்படி என்று கேட்டபோது, "உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்தவர். ஒரே மகள் ஸ்வீட்டி கல்யாணமாகிக் குகட்பள்ளியில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை.

தியோடரின் அம்மா விஜயகுமாரி பெரிய உடம்புக்காரர். பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவரைப் புரட்டிப் போடவே இரண்டு ஆள் வேண்டும். ஜெயசுந்தரிதான் எல்லாம் செய்தாள். கம்பெனியில் தையல் கோணலாகப் போனதையும் ஒட்டும் பட்டை பிசகியதையும் 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிவைப்பார்கள். வீட்டில் நோயாளி உள்ள ஊழியர்கள் சனிக்கிழமை அதில் ஒரு பாக்கெட் எடுத்துப்போகலாம். ஸ்டோர் கீப்பர் முரளி மாமியாரின் உடம்பை விசாரித்து லார்ஜ் சைஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பான். பேக்கிங் பிரிவில் இருக்கும் பாமா, அதிலும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தருவாள்.

பாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயசுந்தரியைவிட வயதில் இளையவள். சென்னையிலிருந்து வந்து இங்கேயே வேர்பிடித்த நாயுடு குடும்பம். மாமியார், நாத்தனார் என்று யாரும் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அதனாலேயோ என்னவோ, ஜெயசுந்தரியின் மாமியாரை நேரில் பார்க்காமலேயே சொந்தமாக்கிக்கொண்டாள். "அத்தை இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?" என்று தினமும் கேட்பாள். சங்கராந்திக்கு அரிசெலு, நம் அதிரசம்தான், செய்தால் அத்தைக்கு என்று தனியாக ஒரு டப்பா வரும்.

விஜயகுமாரி ஒரு மே மாதத்தில் இறந்தார். புது மெஷின் பொருத்துவதற்காகக் கம்பெனியை மூடியிருந்தார்கள், பாமா உட்பட ஆளுக்கு ஒரு ஊருக்குப் போயிருந்தார்கள். மறுநாளே அடக்கம் முடிந்துவிட்டது. மீண்டும் வேலைக்குப் போனபோது சொல்ல வேண்டும் என்றுதான் ஜெயசுந்தரி போனாள். சனிக்கிழமை முரளி வழக்கம்போல் பாக்கெட்டை நீட்டினான். "அத்தைக்கு." கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. பொய் என்று அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, வாயைத் திறக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். பாக்கெட் அவளுக்கே வேண்டியிருந்தது.

ஸ்வீட்டி பிறந்ததிலிருந்தே தும்மினால், சிரித்தால் ஒரு சொட்டு வரும். எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டாள். மாதவிலக்கு நின்ற பிறகு அது சொட்டாக இல்லை. மாமியாரைத் தூக்கிப் புரட்டிய வருஷங்கள் வேறு. ஈஸ்டர் அன்று உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடிக்க அடிவயிற்றை இறுக்கினாள், அங்கேயே விட்டுப்போயிற்று. வெள்ளைப் பருத்திப் புடவை. பருத்தி ஈரத்தை ஒரு இடத்தில் வைத்திருக்காது, நூல் பிடித்து மேலேயும் பக்கத்திலும் ஏற்றிக்கொண்டே போகும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தபடியே புடவையில் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் நிற்பது எங்கள் சபைப் பொருளாளரின் மகன் பெர்லின். தூரத்துக் கடைக்குப் போகலாம் என்றால் தியோடர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். நாச்சாரத்தில் வாங்கினால் கம்பெனி ஆட்கள் யாராவது பார்ப்பார்கள். ஆன்லைனில் வரவழைத்தால் பார்சலை முதலில் பிரிக்கிறவர் அவர். டாக்டரிடம் போனாலும் அவரோடுதான் போக வேண்டும். முதுகுவலி என்று சொல்லித் தனிக் கட்டில் போட்டுக்கொண்டாள். உபயோகித்ததைப் பையில் கட்டி எடுத்துப்போய் நாச்சாரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மாமியாருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை மாற்றியவளுக்கு, அதே தனக்கு என்றதும் உடம்பு கூனிக் குறுகிப் போயிற்று.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் சைஸ். மாமியார் பெரிய உடம்பு, இவள் ஒல்லி. லார்ஜ் இவளுக்கு இடுப்பில் நிற்காது, தொடைப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கிற பொடி குளத்தையே குடிக்கும் என்றாலும், தண்ணீர் அதனிடம் போய்ச் சேர்ந்தால்தானே? ஓரத்தில் இடைவெளி இருந்தால் எப்பேர்ப்பட்ட சரக்கும் ஒழுகும் என்பதைப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே ஜெயசுந்தரிதான். ஒரு வார்த்தை, "மீடியம் கொடு" என்று முரளியிடம் சொன்னால் போதும். சொன்னால், மாமியார் இளைத்துவிட்டாரா என்று கேட்பான், பாமா பதறுவாள். அந்தப் பயத்தில் வருஷக்கணக்காகப் பொருந்தாததைக் கட்டிக்கொண்டு ஒழுகிக்கொண்டிருந்தாள். நான் இதைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் கம்பெனி புதிதாக ஒன்று செய்தது. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிற மெல்லிய பேட். சைஸ் தொல்லை இல்லை. தொழிற்சாலைப் பொறுப்பாளர் வேதாசலம் வேலூர்க்காரர், இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் எடுத்துப்போய் உபயோகித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். ஜெயசுந்தரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு பல வருஷத்துக்குப் பிறகு தைரியமாக நற்கருணைக்குப் போனாள். முழங்காலிட்டு எழுந்தபோது பின்பக்கம் நனைந்தது.

வேதாசலம் எல்லோரையும் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இவளுக்குத் தொழில் வாய்க்குள் புகுந்துகொண்டது.

"பேட் நல்லா குடிக்குது சார். ஆனா நாம டேபிள்ல படுக்க வச்சு மெதுவா ஊத்திப் பாக்கிறோம். நெஜத்துல அப்படி வராது. முழங்கால் போட்டு எந்திரிக்கும்போது ஒரே மொத்தமா வருது. பவுடர் குடிக்கிறதுக்குள்ள பின்னாடி ஓரத்துக்கு ஓடிடுது. படி ஏறினாலும் அப்படித்தான்."

வேதாசலம் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மாமியார் படுத்த படுக்கைன்னு சொன்னாங்களே, மேடம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சுற்றி முரளி, வேறு ஆண்கள், எல்லோரும் நின்றார்கள். ஜெயசுந்தரி சொன்னது, "இப்போ கொஞ்சம் எந்திரிச்சு நடக்கிறாங்க சார்."

பாமா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா! அத்தை நடக்கிறாங்களா? ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?" அவள் கண் கலங்கியிருந்தது. உங்கள் ஏசப்பா பெரிய ஆள்தான் என்று முரளி சொன்னான். அன்று டீ நேரத்தில் கம்பெனி முழுக்க அதுதான் பேச்சு. வருஷக்கணக்காக எழாத கிழவி எழுந்து கோயிலில் முழங்காலிடுகிறாள் என்றால் யார்தான் பேசமாட்டார்கள்? ஜெயசுந்தரி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்ததாம்.

அதற்குப் பிறகு அத்தையைப் பார்க்க வருகிறேன் என்று பாமா சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். கிறிஸ்மஸ் தாண்டிய ஞாயிறு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் பாமாவும் முரளியும் வேதாசலமும் ஆப்பிள் கூடையோடு மல்காஜ்கிரி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

கதவைத் திறந்தவர் தியோடர்.

"ஹாப்பி கிறிஸ்மஸ் அண்ணா. அத்தையைப் பாக்க வந்தோம்" என்றாள் பாமா. "நடக்கிறாங்களாமே, எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

தியோடர் புரியாமல் திரும்பினார். சமையலறை வாசலில் ஜெயசுந்தரி, கையில் குல்குல்ஸ் பலகாரத் தட்டோடு. அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருந்தால் நீங்களே பயந்துபோயிருப்பீர்கள் என்று பிற்பாடு தியோடர் என்னிடம் சொன்னார். வந்தவர்கள் அதற்குள் உள்ளே வந்து சுவரைப் பார்த்துவிட்டார்கள். விஜயகுமாரியின் பெரிய படம் அங்கே தொங்குகிறது. எங்கள் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு மாலை போடமாட்டோம், பொட்டு வைக்கமாட்டோம், விளக்கு ஏற்றமாட்டோம். ஒரு மாலை இருந்திருந்தால் எல்லாம் அந்த நொடியில் முடிந்திருக்கும். "இவங்கதானா! என்ன களையா இருக்காங்க" என்று பாமா படத்துக்குக் கீழே போய் நின்றாள்.

தியோடர் மனைவியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பொய் சொன்னார்.

"ஹவ், ஆமா... அம்மா ஊர்ல இல்ல. சென்னைக்குப் போயிருக்காங்க. என் தங்கச்சி வீட்டுக்கு."

"தனியாவா?" என்றார் வேதாசலம்.

"தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போனா. சார்மினார் எக்ஸ்பிரஸ்ல. லோயர் பெர்த் கெடச்சுது."

முன்பதிவு அலுவலகத்தில் இருந்தவருக்குப் பொய்யிலும் பெர்த்தை உறுதி செய்தால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது. பிறகு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அம்மாவுக்கு ரயிலில் ஜன்னல் ஓரம் வேண்டும், காஜிப்பேட்டையில் டீ வேண்டும், இட்லிக்கு மிளகாய்ப்பொடி வேண்டும் என்று. முகம் மலர்ந்திருந்தது. அவரிடம் அம்மாவைப் பற்றி யாரும் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

கிளம்பும்போது பாமா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜெயசுந்தரியின் கையில் வைத்தாள். யாதகிரிகுட்டா மலைக்கோயில் பிரசாத லட்டு. "உங்க வீட்ல சாப்பிடமாட்டீங்கன்னு தெரியும் அக்கா. அத்தை கையில ஒரு தடவை கொடுத்துடுங்க, போதும். அவங்க எந்திரிச்சு நடந்தா படிபூஜை பண்றேன்னு நரசிம்ம சாமிக்கு முன்னாடியே வேண்டியிருந்தேன். போன வாரம் முடிச்சுட்டேன்." ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து மலை ஏறியிருக்கிறாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி இறங்கினாள்.

அவர்கள் போன பிறகு தியோடர்தான் ஆரம்பித்தார்.

"அம்மா பேர்ல அங்கே என்ன நடக்குது, சுந்தரி?"

"டயப்பர் வாங்கிட்டு இருக்கேன்."

"யாருக்கு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு."

அவருக்கு அதை விளங்கிக்கொள்ள நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முதுகுவலின்னு தனிக் கட்டில் போட்டியே. அது இதுக்குத்தானா?"

"ஆமா."

"என்மேல வெறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் தியோடர். "கேக்கிறதுக்கு வெக்கமா இருந்துச்சு. இத்தனை வருஷம்."

ஜெயசுந்தரி அழுதாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வெட்கத்தை வைத்துக்கொண்டு ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அறிவு கெட்டவர்கள் என்று திட்டத்தான் எனக்கு வாய் வருகிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது நானும் அழுதுவிட்டேன், அது வேறு விஷயம்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மாமியார் சென்னையில் இறந்துவிட்டார் என்று கம்பெனியில் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் பாமா மாலையோடு வந்து நிற்பாள், கட்டிக்கொண்டு அழுவாள். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தியோடரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கம்மாவை நான் ஒரு தடவை அடக்கம் பண்ணியாச்சு" என்றார் அவர். "இன்னொரு தடவை என்னால முடியாது சுந்தரி."

லட்டை அவர் தின்னவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தார். அவள் ஒவ்வொரு தடவை அந்தக் கதவைத் திறக்கும்போதும் அது அங்கே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஸ்டோர் ஜன்னலில் வரிசை. முரளி அவளைப் பார்த்ததும் கேட்டான், "அத்தை ஊர்ல இருந்து வந்தாச்சா அக்கா?" பாமா வழக்கம்போல் லார்ஜ் அட்டைப்பெட்டிக்குள் குனிந்து நல்லதாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை இல்ல, முரளி" என்றாள் ஜெயசுந்தரி. "இறந்துட்டாங்க. இப்போ இல்ல. அந்த மெஷின் மாத்தின வருஷம், லீவுல. அப்புறம் வாங்கினதெல்லாம் எனக்கு. எனக்குத்தான் ஒழுகுது."

கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் செத்துவிடுவோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. முரளி பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பாமா கையில் பாக்கெட்டோடு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்போ எந்திரிச்சு நடந்தது?"

"நான்தான் பாமா. முழங்கால் போட்டது, படி ஏறினது, எல்லாம் நான்தான்."

பாமா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"ஒவ்வொரு படியிலயும் பேர் சொன்னேன் அக்கா" என்றாள். "விஜயகுமாரி அம்மா, விஜயகுமாரி அம்மான்னு. குனிஞ்சு குனிஞ்சு சொன்னேன். உங்களுக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா உங்க பேரைச் சொல்லியிருப்பேனே."

ஜெயசுந்தரி மன்னிச்சிரு என்று ஆரம்பித்தாள். அதற்குள் பாமா கையில் இருந்த லார்ஜ் பாக்கெட்டைப் பெட்டியிலேயே போட்டாள். ஜெயசுந்தரியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். பக்கத்துப் பெட்டியைத் திறந்து, மீடியத்தில் தையல் நேராக இருக்கிற ஒரு பாக்கெட்டைத் தேடி எடுத்து ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பேக்கிங் பக்கம் போய்விட்டாள்.

வேதாசலம் காதுக்கு விஷயம் போயிற்று. அவர் இவளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மெல்லிய பேடின் பின் ஓரத்தில் இப்போது ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள், சாய்வுப் பலகையில் வைத்து ஒரே மொத்தமாக ஊற்றிச் சோதிக்கிறார்கள். தியோடர் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். பயிற்சி சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது. மருந்துக் கடைக்கு வேண்டுமானால் நான் போய் வாங்கி வருகிறேன், பெர்லின் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று அவளிடம் சொன்னேன்.

வேண்டாம் என்றாள். பாமா இன்றுவரை அவளோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டோர் ஜன்னலுக்கு இவள் போவதற்கு முன்பே, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிய மீடியம் பாக்கெட் ஒன்று அங்கே இருக்கிறது. யார் வைத்தது என்று முரளியும் சொல்வதில்லை, இவளும் கேட்பதில்லை. "கோயில்ல அத்தனை பேர் நடுவுல நனைஞ்சு உக்காந்திருந்தேனே, அன்னிக்குக்கூட இப்படிக் கூசல ரோஸ்லின்" என்றாள் ஜெயசுந்தரி. "அந்தப் பாக்கெட்டைக் கையில எடுக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசுது."